முன்சக்கரத்துச் சந்தனம்

அம்பாசிடருக்குக் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் போதும், ஐயா. மூடியைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து ஒருமுறை பார்த்துவிட்டால், அன்றைக்கு முழுக்க அது நம் பேச்சைக் கேட்கும். இருபது வருடமாக நான் பல் விளக்குவதற்கு முன்னால் செய்கிற வேலை இது. இன்றைக்கும் செய்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதினார். நல்ல மனிதர், ஆனால் பாதியை விட்டுவிடுகிறார். வண்டியைப் பற்றிச் சொன்னால், "அது எதுக்குப்பா, விஷயத்துக்கு வா" என்கிறார். வண்டிதான் விஷயம். இதை அவருக்குப் புரியவைக்க முடியாமல், காகிதத்தை வாங்கி நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாக்களைப் படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்தும் தெரியும். அது பின்னால் வரும்.

பெயர் ஜம்புலிங்கம், வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டி வாங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணி மலையடிவாரத்து டாக்ஸி ஸ்டாண்டில் பதினெட்டு வருடம் ஓட்டினேன். கடைசி இரண்டு வருடம் பள்ளிப்பட்டில் ஆதிகேசவன் முதலாளி வீட்டில் டிரைவர். அவரை உங்களுக்கே தெரியும். நாற்பது விசைத்தறி ஓடுகிறது, தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார், யாரையும் அதட்டிப் பேசமாட்டார்.

என் வண்டி அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. வாங்கிய முதல் மாதம் மூன்றாவது சவாரியாக ஏறியவர் முதலாளியின் சம்சாரம் ஜெயம்மாள். பிரசவ வலியோடு பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். ஐந்தாம் நாள் திரும்பும்போது அவர் மடியில் பத்மா இருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ, ஆள் அனுப்பினால் என் வண்டிக்குத்தான் அனுப்புவார்கள். பத்மா பேச ஆரம்பித்ததும் என்னை 'டிரைவர் மாமா' என்றாள். அவளும் என் வண்டியும் ஒரே வயது.

அம்பாசிடரைப் பற்றி ஊரில் ஆயிரம் கிண்டல் உண்டு. ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்காரன் சிங்காரம், "ஜம்பு வண்டில ஏறுனா எறங்கறதுக்குள்ள துன்னதெல்லாம் ஜீரணம் ஆயிடும்" என்பான். அவனுடையதும் அதே வண்டிதான் என்பதை மறந்துவிடுவான். மலை ஏறும்போது பாதியில் ஒரு வளைவில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் கொஞ்சம் ஆறவிடுவேன். பயணிகள் இறங்கி நின்று கீழே குளத்தையும் ரயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியை மேலே கட்டிக்கொண்டு, உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்து ஏறியிருக்கிறோம். ஒருநாளும் வழியில் விட்டதில்லை. ஃபேன் பெல்ட் அறுந்தால் புடவைக் கிழிசலை முறுக்கிக் கட்டி ஊர் வந்து சேரலாம். எந்தப் பட்டறையிலும் பிரிக்கலாம், மாட்டலாம். அதற்கு வேண்டியதெல்லாம் பக்கத்தில் ஒரு மனிதன். அந்த மனிதன் நான்.

எண்பத்திரண்டில் அந்த இன்னொரு வண்டி வந்தது.

ஜெயம்மாளின் தம்பி கோதண்டம் மெட்ராஸில் ஏற்றுமதி வியாபாரம் பார்க்கிறவர். அங்கே ஏதோ ஒரு வெளிநாட்டு ஆபீஸ் வண்டி ஏலத்துக்கு வந்ததாம், அக்கா வீட்டுக்காரருக்காக எடுத்துவிட்டார். ஆள் உயரம். உள்ளே குளிர் மெஷின், நாலு சக்கரமும் இழுக்கும். அதன் பேரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் வாயில் நுழையாது, 'பாரின் வண்டி' என்றே ஆகிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஜம்பு, உன் வண்டிய நம்ம ஷெட்ல போட்டுட்டு இத்த நீயே ஓட்டுப்பா. வேற ஆள நான் நம்பமாட்டேன்" என்றார். அது மரியாதை என்று எனக்குத் தெரிந்தது. என் வண்டி தார்ப்பாய்க்குள் போயிற்று.

வண்டியை எடுத்துவரக் கோதண்டத்தோடு நானும் மெட்ராஸ் போனேன். அவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், அந்த ஆபீஸின் பழைய டிரைவர், நெல்லூர்ப் பக்கத்துப் பெரியவர், என்னைத் தெலுங்கில் கூப்பிட்டு முன்சக்கரத்தின் அருகே உட்காரவைத்தார். இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுமையத்தில் ஒரு குமிழ் இருந்தது, எலுமிச்சம்பழம் அளவு. அதைக் கையால் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் 'ஃப்ரீ' என்றும் இன்னொரு பக்கம் 'லாக்' என்றும் இங்கிலீஷில் பொறித்திருந்தது. தார் ரோட்டில் 'ஃப்ரீ'யில் இருக்கட்டும். சேறு, மணல் வந்தால் இறங்கி இரண்டையும் 'லாக்'குக்குத் திருப்பிவிட்டு, பிறகு உள்ளே இருக்கிற சின்ன கியரைப் போட வேண்டும். குமிழைத் திருப்பாமல் கியரை மட்டும் இழுத்தால் முன்சக்கரம் சும்மா நிற்கும், இழுக்காது. இவ்வளவுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு வண்டியின் முதுகில் ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதை நான் ஒளித்து வைக்க நினைக்கவில்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே சொல்ல வாயெடுத்தேன்.

புது வண்டி என்றால் எங்கள் பக்கம் நேராகத் திருத்தணி மலைமேல்தான் பூசை. கோதண்டம் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டிப் போனேன். நான் ஆறவிடுகிற வளைவு வந்தது, போனது. வண்டிக்கு மூச்சு வாங்கவே இல்லை. சூடும் ஏறவில்லை. பதினெட்டு வருடம் நான் நின்ற இடத்தை அது பார்க்கக்கூட இல்லை. ஐயா, அந்த எரிச்சலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நல்ல வண்டிதான். அதுதான் எரிச்சல்.

மேலே சிங்காரமும் நாலைந்து ஸ்டாண்ட் ஆட்களும் இருந்தார்கள். "இன்னா ஜம்பு, ஏரோப்ளேன் ஓட்டிகினு வந்துக்கிற? ரெக்கைய எங்க மடிச்சி வச்ச?" என்று சிங்காரம் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். குருக்கள் கற்பூரம் காட்டி முடித்தார். நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போது நான் கோதண்டத்திடம், "சார், முன்சக்கரத்துல ஒரு விஷயம் கீது, அந்தப் பெரியவரு சொன்னாரு..." என்று தொடங்கினேன்.

"நீ கம்முனு இருப்பா. அம்பாசிடர் ஓட்டினவன் எனக்குப் பாடம் எடுக்கறியா? இந்தச் சின்ன கியர இழுத்தா நாலு சக்கரமும் இழுக்கும், அவ்ளோதான். ஸ்டியரிங்க புடிச்சிகினு உக்காரு, போதும்."

ஸ்டாண்ட் ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். நான் சரிங்க என்றேன். குருக்கள் கொடுத்த சந்தனத்தை எடுத்து பானெட்டில் வைத்தேன், விளக்குகளுக்கு வைத்தேன், பிறகு குனிந்து முன்சக்கரக் குமிழ் இரண்டிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். எழுத்து மறைந்தது. பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் அந்த வண்டியில் வேறு இல்லை என்பதும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குச் சந்தனம் வைப்பது டிரைவரின் வேலை. எங்கள் பக்கம் எந்த வண்டிக்காரனும் அதை முதலாளிக்கு விடமாட்டான். பழைய சந்தனத்தைச் சுரண்டவும் மாட்டோம், அது சாமிக்கு ஆகாது. அதன்மேலேயே புதுசு வைப்போம். வண்டியைக் கழுவும்போது கூட அந்த இடத்தை விட்டுச் சுற்றித்தான் கழுவுவோம். ஆறு மாதத்தில் குமிழ் இரண்டும் மஞ்சள் உருண்டையாகிவிட்டன. அவை என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வண்டி ஓடுவது தார் ரோட்டில், தார் ரோட்டில் அது 'ஃப்ரீ'யில்தான் இருக்க வேண்டும். இதுவரை நான் செய்ததில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பங்குனியில் கோதண்டம் நாலு வியாபாரிகளை அழைத்துவந்து, காய்ந்த ஆற்று மணலில் வண்டி எப்படிப் போகிறது பாருங்கள் என்று இறக்கச் சொன்னார். இறக்கினேன். சின்ன கியரை அவரே இழுத்தார். பின்சக்கரம் இரண்டும் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கின. முன்சக்கரம் கோயில் யானை மாதிரி நின்றது. ஒருமணி நேரம் திட்டினார், உதைத்தார். கடைசியில் ஒரு ஜோடி எருது பூட்டி இழுத்தோம். முதலாளி கரையில் நின்று சிரித்து, "இதுக்கு நம்ம ஜம்பு வண்டியே தேவலாம்பா" என்றார்.

இரண்டு வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான். பாரின் வண்டி என்றால் வெறும் பேர்தான் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. பக்கத்துக் கண்ணாடி உடைந்து, மாற்றுக் கண்ணாடிக்கு நாலு மாதம் காத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். கோதண்டம் முகம் தொங்கிப் போனார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மறுபடி அந்த வண்டி ஜெயித்துவிடும். என் வண்டி தார்ப்பாய்க்குள்ளேயே கிடக்கும்.

என்றாலும் அது தார்ப்பாயை விட்டு வெளியே வரவில்லை. ஊரார் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள், முதலாளி வீட்டில் எல்லோரும் அந்தக் குளிரிலேயே ஏறிப் போனார்கள். நான் காலையில் எழுந்து என் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றி, கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். ஜெயம்மாள் ஒருநாள், "எதுக்குப்பா ஓடாத வண்டிக்கு பெட்ரோல் ஊத்திக்கினு கீற? வித்துடேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னார்.

போன புரட்டாசியில் பத்மாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அரக்கோணத்தில் கொடுத்திருந்தது. வழியெல்லாம் மேடு பள்ளம். வீட்டு வாசலில் இறங்கியதும் வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். "டிரைவர் மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டில குலுக்கலே தெரியலங்க. உங்க வண்டில வந்திருந்தா இது உள்ளயே எழுந்து உக்காந்துகினு இருக்கும்."

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. பிறந்த ஐந்தாம் நாளே என் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தவள் அவள், பாதி வழியில் கண்விழிக்கக்கூட இல்லை. அதை அவள் எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்? கோபம் இல்லை, ஆனால் அந்த வார்த்தை மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

இனி ஏட்டையா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பத்மாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. வலியோடு ரத்தமும் போனது. ஊர் நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, இங்கே ஆகாது, உடனே திருத்தணிக்குக் கொண்டு போங்கள் என்றார். முதல்நாள் வந்திருந்த கோதண்டம் என் பக்கத்தில் ஏறினார். பின்சீட்டில் பத்மாவைப் படுக்கவைத்து, ஜெயம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி காலடியில் உட்கார்ந்தார்.

ஊரைத் தாண்டி ஒன்றரை மைலில் ஆற்றுத் தரைப்பாலம். பாலத்தின் நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கலங்கல்தான், ஆனால் இழுப்பு அதிகம் இல்லை. அந்த உயர வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. கஷ்டம் பாலத்துக்கு முன்னால் இருந்தது. ரோடு பாலத்தைத் தொடுகிற இடத்தில் மண் கரைந்து களிச்சேறாகியிருந்தது. முன்சக்கரம் இரண்டும் பாலத்துச் சிமெண்டில் ஏறிவிட்டன. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. எத்தனை மிதித்தாலும் பின்னால் சேறு வாரி அடித்ததே தவிர வண்டி நகரவில்லை.

இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முன்சக்கரம் இருந்தது கெட்டியான சிமெண்டில். அது இரண்டும் இழுத்திருந்தால் வண்டி ஒரே மூச்சில் மேலே வந்திருக்கும்.

"தள்ளு, நீ எறங்கு, கல்லு போடு. நான் இழுக்கறேன்" என்று கோதண்டம் என் இடத்தில் உட்கார்ந்து சின்ன கியரைப் போட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்ஜினை அலறவிட்டார். நானும் முதலாளியும் மழையில் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தோம். கல்லும் சேற்றுக்குள் போயிற்று.

நான் முன்பக்கம் வந்தேன். மூன்று நாள் மழையும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து, இரண்டு வருடத்துச் சந்தனத்தைக் கழுவிவிட்டிருந்தன. குமிழ் பளபளவென்று இருந்தது. எழுத்து இரண்டும் புதிதாகப் பொறித்தது போலத் தெரிந்தன. குனிந்து ஒரு திருப்பு, அந்தப் பக்கம் போய் ஒரு திருப்பு. எச்சில் விழுங்குகிற நேரம்.

நான் குனியவில்லை. குமிழை மறைத்து முழங்காலை வைத்து நின்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். திருப்பினால் வண்டி போய்விடும். கோதண்டம், தான் இழுத்த கியரால்தான் போயிற்று என்பார். இல்லை, குமிழால்தான் என்று நான் சொன்னால், இரண்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்பார்கள். ஆற்று மணலில் முதலாளி சிரித்த சிரிப்பு பொய்யாகிவிடும். என் வண்டிக்கு இருந்த ஒரே ஒரு நல்ல வார்த்தையும் போய்விடும். இதையெல்லாம் நான் நிதானமாகத்தான் யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது.

ஜெயம்மாள் கண்ணாடியை இறக்கி, "வேற ஒரு வழியும் இல்லியா ஜம்பு? கொழந்த முகம் வெளுத்துகினே போவுதுப்பா" என்றார்.

"என் வண்டி கீதும்மா. நகரி சுத்திப் போயிடலாம்" என்றேன்.

"போய் எட்தாப்பா. ஓடு" என்றார் முதலாளி.

ஓடினேன். ஒன்றரை மைலும் மழையில் ஓடினேன், அதை அவர்களும் சொல்வார்கள். ஷெட்டில் தார்ப்பாயை உருவிச் சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் கிளம்பியது, ஐயா. அந்த ஈரத்தில், அந்தக் குளிரில். தினமும் தண்ணீர் ஊற்றி வைத்ததற்கு அது செய்த பதில். எனக்கு அப்போது மனதில் சந்தோஷம் இருந்தது. ஒளிக்கப்போவதில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு என் வண்டி வேண்டியிருந்தது.

பாலத்துக்கு ஓட்டிவந்து பத்மாவை இதில் மாற்றிப் படுக்கவைத்தோம். அம்பாசிடர் தாழ்வான வண்டி, அந்தத் தண்ணீரில் இறக்கக்கூடாது. அது குறை அல்ல, அதன் அமைப்பு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போய், நகரியின் உயரப் பாலத்தைத் தாண்டி, சுற்றித் திருத்தணிக்கு வந்தேன். நேர்வழியில் ஒருமணி நேரத்துக்குள் வந்திருக்கலாம். எங்களுக்கு மூன்று மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அதில் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இருமவில்லை, சூடேறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது பத்மாவுக்கு மூச்சு இருந்தது. உள்ளே போன கால்மணி நேரத்தில் இல்லை. குழந்தையும் இல்லை. ஆண் குழந்தை என்றார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரையும் பிடித்து வைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, நான் தனியாக ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் முதல்நாளைவிட ஒரு சாண் கூடுதலாகவே இருந்தது. பாரின் வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. குனிந்து இரண்டு குமிழையும் 'லாக்'குக்குத் திருப்பினேன். உள்ளே உட்கார்ந்து சின்ன கியரைப் போட்டு லேசாக மிதித்தேன். தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போல மெதுவாக வெளியே வந்தது. அப்படியே அக்கரைக்கு ஓட்டிப் போனேன். திருப்பிக்கொண்டு இக்கரைக்கு வந்தேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். இறங்கிக் குமிழை மறுபடி 'ஃப்ரீ'க்குத் திருப்பிவிட்டு, எருது பூட்டி இழுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

இத்தோடு இது முடிந்திருக்கும். பத்மா சாவுக்கு மழைதான் காரணம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கோதண்டம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், "நீ ஓடுன ஓட்டம் யாருக்கு வரும் ஜம்பு" என்று.

நான் இன்றைக்கு இங்கே வந்ததற்குக் காரணம் வேறு. கார்த்திகையில் என் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். டீக்கடையில் சிங்காரம் சொல்லிக்கொண்டிருந்தான்: "அந்த டப்பாவுல போட்டுக் குலுக்கிகினு போனாங்க, பொண்ணு செத்துப் பூட்டுது. நோவு எடுத்தவள அதுலயா ஏத்துவாங்க?" பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதே பேச்சு. ஒருவன்கூட ஏறமாட்டேன் என்கிறான். போன வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஜம்பு, அந்த வண்டிய எங்கனா உடைக்கறவனுக்குப் போட்டுடுப்பா. என் கண்ணுல படவேணாம்" என்றார். எதற்கும் கோபப்படாத மனிதர் அவர். என் வண்டியைத்தான் சொன்னார்.

ஐயா, இது அநியாயம். தவறு நடந்தது தரைப்பாலத்தில். அங்கே என் வண்டியே இல்லை. அது பாட்டுக்குத் தார்ப்பாய்க்குள் இருந்தது. கூப்பிட்டதும் வந்தது, சொன்ன இடத்தில் கொண்டுவந்து விட்டது. அதை உடைத்து இரும்பாக்கினால் அந்தப் பழி அதன்மேல் நின்றுவிடும். ஆகவேதான் குமிழைப் பற்றி நானே வந்து சொன்னேன். யாரும் கேட்டு நான் சொல்லவில்லை.

ஏட்டையா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில், 'அந்தக் குமிழ் பற்றி எவரும் என்னைக் கேட்டதில்லை' என்று இருந்தது. நான்தான் அப்படிச் சொன்னேன். மேலே நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். அதை மட்டும் திருத்த வேண்டும்.

ஒருவர் கேட்டார். மழையில், நான் முழங்காலை வைத்து நின்றபோது, முதலாளி அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அருகே போய்விட்டார். ஒரு குமிழைத்தான் நான் மறைக்க முடிந்தது. இன்னொன்றின்மேல் கைவைத்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "ஜம்பு, இதுல இன்னாமோ எழுதிகினு கீதே. இத்த திருப்பணுமாப்பா?" என்றார்.

"அது கம்பெனி பேருங்க, மொதலாளி. கைய எடுத்துடுங்க, ஒடஞ்சிடும்" என்றேன்.

கையை எடுத்துவிட்டார். நான் சொன்னால் அவர் எடுப்பார்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், மறுத்துப் பேசமாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரி தாண்டி ஜல்லி பெயர்ந்து கிடக்கிற இடம் உங்களுக்கும் தெரியும். உங்கள் ஜீப்பே அங்கே குதிக்கும். அந்த இடத்தில் பத்மா கண்ணைத் திறந்து, "டிரைவர் மாமா, இன்னிக்கு உங்க வண்டி குலுக்கவே இல்லீங்க" என்றாள். ஜெயம்மாளும் கேட்டார், விசாரித்துக்கொள்ளலாம். ரத்தம் அத்தனை போனால் உடம்பு மரத்துப்போகும், அதனால் அப்படிச் சொல்லியிருப்பாள் என்கிறார் டாக்டரம்மா. அவர் படித்தவர்தான். ஆனால் என் வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. பத்மா பிறந்த ஐந்தாம் நாளிலிருந்து அதில் வந்தவள்.